ஐந்தாவது கம்ப்யூட்டர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகப் பழைய மென்பொருளின் ஆபத்துகளைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி நம் கம்ப்யூட்டர் பராமரிப்பு ஆபீசில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் என்ன கிடைக்கும்? கதைதான் கிடைக்கும். எந்தப் பதிப்புக்கு எப்போது ஆதரவு முடிகிறது, எந்த ஓட்டையை அடைக்க எந்தப் பேட்ச் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் கைபேசியில் தட்டினால் வந்துவிடும். தட்டினால் வராத ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மைசூரில் நான் போகாத கடை, போகாத கிட்டங்கி கிடையாது. பட்டுக்கடை, ஊதுவத்தி கம்பெனி, அரிசி மண்டி, ஸ்கூல் என்று எங்கே போனாலும் ஓரமாக ஒரு பழைய கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருக்கும். அப்டேட் போடுங்கள் என்றால் முதலாளி என்னை ஏற இறங்கப் பார்ப்பார். “நல்லா ஓடுற வண்டிய எதுக்கு மேடம் நிறுத்தணும்?” என்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனால் அவரிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தால் தெரியும், அவர் முட்டாளும் இல்லை, கஞ்சனும் இல்லை. போன தடவை யாரோ அப்டேட் போட்டதில் பிரிண்டர் நின்றுபோய், வாடிக்கையாளர்கள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பெயர் பயம். பயந்தவரைத் திட்டினால் அவர் திருந்தமாட்டார், மறைக்கத்தான் ஆரம்பிப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மண்டி மொஹல்லாவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அதை நடத்தியவரை டாக்டர் சந்தானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ரயில்வேயில் வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். என் குடும்பமும் அப்படித்தான், அதனால் பழக்கம். வெளியே கன்னடம், வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். மனுஷர் வேலையில் படு சுத்தம். ஒரு ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் நோயாளியைத் திரும்ப வரவழைத்து, மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

அங்கே நான்கு கம்ப்யூட்டர்கள். நான்கும் நம் பராமரிப்பில் இருந்தவை, நான்கும் அப்டேட்டோடு இருந்தவை. நானே பார்த்துப் பார்த்துச் செய்த இடம் என்பதால் அந்த லேபைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை.

ஒரு வருடம் தசரா முடிந்த மறுநாள் காலை அவரிடமிருந்து போன் வந்தது. “மைதிலி, எந்த ரிப்போர்ட்டும் தொறக்கல. ஸ்கிரீன்ல பணம் கேட்டு என்னவோ இங்கிலீஷ்ல மிரட்டி எழுதியிருக்கான். ஓடி வாம்மா” என்றார். ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஸ்கூட்டரை ஆட்டோக்களுக்கு நடுவில் நுழைத்து, இடுக்குச் சந்தெல்லாம் புகுந்து போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே நுழைந்ததும் நான்கு கம்ப்யூட்டர்களின் நெட்வொர்க் ஒயர்களையும் பிடுங்கினேன். கம்ப்யூட்டர்களை அணைக்கவில்லை, அணைத்தால் வந்தவனின் தடயம் போய்விடும். உங்களுக்கெல்லாம் கை அரிக்கும், ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடாதா என்று. அரிக்கட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அதற்கும் ஒரு படி மேலே போனார்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசாப் போட்டுடு. ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க. வெளியில தெரிஞ்சா பேரு போயிடும்.”

“எப்படி உள்ள வந்தான்னு தெரியாம அழிக்கக்கூடாது டாக்டர். நாளைக்கும் அதே வழியா வருவான்.”

“ஜனங்களுக்கு என்ன சொல்றது? வெறும் வயித்தோட உட்கார்ந்திருக்காங்கம்மா.”

“ரத்தம் பார்க்கிற மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே. அது காட்டுறத கையால எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. கம்ப்யூட்டர் ரிப்பேர், பழைய ரிப்போர்ட் கிடைக்க லேட்டாகும்னு உள்ளதைச் சொல்லுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே பேனாவைத் தேடி எடுத்தார். எடுத்தவர், முன்மேஜையில் இருந்த பெண்ணின் பக்கம் திரும்பினார்.

அவள் பெயர் ரீட்டா. ஊர் கொள்ளேகாலைத் தாண்டி மார்டள்ளிப் பக்கம், அங்கேயும் வீட்டில் தமிழ்தான். பெண்கள் விடுதியில் தங்கி, பகலில் இங்கே பில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம். ஒரு லேபில் பயிற்சி எடுத்ததாக டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். அவள் மைசூரில் இருந்ததே அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான்.

“என்ன நடந்துச்சு ரீட்டா?” என்று கேட்டேன்.

“காலைல வந்து மெயில் பார்த்தனுங்க மேடம். ஏதோ கிளினிக் பேர்ல வந்திருந்துச்சுங்க, பழைய ரிப்போர்ட் வேணும்னு. கூட ஒரு ஃபைல் இருந்துச்சு, தொறந்தனுங்க. வெறும் வெள்ளைப் பக்கமா வந்துச்சு. அதுக்கப்பறம் ஒண்ணுமே தொறக்கலீங்க.”

டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. “படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தெரியாத மெயிலத் தொறக்காதேன்னு! ஒரே கிளிக்ல லேபையே முடிச்சுட்டா. பேடாம்மா, நீ இங்க வேலை பார்த்தது போதும். கிளம்பு” என்று கத்தினார். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சார், காலேஜுக்குக் கையெழுத்து…”

“அதுவும் கிடையாது!”

“டாக்டர், கொஞ்சம் பொறுங்க, நான் இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கலையே” என்றேன். அவர் காதில் விழவில்லை. ரீட்டா அழவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். அவ்வளவு திட்டு வாங்கிய பெண் கதவைப் பதமாகச் சாத்திவிட்டுப் போனது என்னை என்னவோ செய்தது.

நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் அந்த மெயிலைப் பார்த்தேன். நிஜமான கிளினிக்தான். போன் செய்து கேட்டேன். அங்கிருந்தவர் நோயாளியின் பெயர் எழுதிய தாளை ஸ்கேன் செய்யும்போது திருப்பி வைத்துவிட்டாராம், அதனால் வெள்ளைப் பக்கம் வந்திருக்கிறது. மன்னிப்புக்கூடக் கேட்டார். அதில் வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அடுத்து, யாரும் திறக்க முடியாதபடி அவன் பூட்டிவைத்த ரிப்போர்ட்டுகள். அவை எல்லாம் நான்கில் பெரிய கம்ப்யூட்டரில் சேமிக்கப்பட்டிருந்தன, அது மட்டும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஃபைலும் எப்போது மாற்றப்பட்டது என்று பார்த்தேன். எல்லாமே முந்தின நாள் பிற்பகல். விஜயதசமி. ஊரே யானை ஊர்வலம் பார்க்கப் போயிருந்த நேரம், லேப் பூட்டிக் கிடந்தது. ரீட்டா மெயிலைத் திறப்பதற்கு ஒரு ராத்திரி முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டிருக்கிறது. காலையில் அவள் திறந்துபார்த்தபோதுதான் அது தெரிய வந்தது, அவ்வளவுதான். தீ எரிகிறது என்று முதலில் பார்த்துச் சொன்னவளையே தீ வைத்தவள் என்று விரட்டியாகிவிட்டது.

பூட்டியிருந்த லேபுக்குள் எப்படி வந்தான்? நெட்வொர்க்கைப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டரில், முந்தின நாள் எந்தெந்தக் கம்ப்யூட்டர்கள் இணைந்திருந்தன என்ற விவரம் இருந்தது. அதில் பெரிய கம்ப்யூட்டரைத் தவிர நம்முடைய மற்ற மூன்றும் இல்லை, அணைத்து வைத்திருந்தார்கள். ஆனால் நான் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது. ஐந்தாவதாக ஒன்று.

“டாக்டர், நேத்து இங்க வேற ஏதாவது கம்ப்யூட்டர் ஓடுச்சா?”

“இல்லையே” என்றார். சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வந்து, வெறும் வயிறுதான் டாக்டர் என்று சொல்கிறவர்களின் வேகம் அது.

பின்னால் சாமான் வைக்கிற அறைக்குப் போனேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அவர் லேப் ஆரம்பித்தபோது வாங்கியது. அதை எடுத்துக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எத்தனையோ வருடங்களுக்கு முன்னால் சொல்லியிருந்தேன், போய்விட்டது என்றும் அவர் சொல்லியிருந்தார். அதன் திரையில் இன்னும் உதிராத சந்தனம், நடுவில் குங்குமம், மேலே வாடின செவந்திச் சரம். பின்பக்கம் நெட்வொர்க் ஒயர். தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

கதவருகே டாக்டர் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

“ஆயுத பூஜைக்கு எடுத்து வைப்பேன் மைதிலி. ஒரு வருஷம் இதை விட்டுட்டு புது மெஷினுக்கு மட்டும் பூஜை பண்ணினோம். அந்த வாரமே ரத்தம் பார்க்கிற மெஷின் படுத்துது, எதிர்ல ஏசி போட்டு ஒருத்தன் லேப் தொறந்தான். அதுக்கப்புறம் விடறதில்ல. இது கைராசி மெஷின், கொத்தா, தெரியுமா? விஜயதசமி காலைல முதல் பில்ல மட்டும் இதுல போடுவேன். சும்னே, சும்மா ஒரே ஒரு பில்லுதான்.”

“பில் போட நெட்வொர்க் ஒயர் எதுக்கு டாக்டர்?”

“பிரிண்டர் அதுலதானே இருக்கு.”

“போட்டுட்டு ஏன் அணைக்கல?”

“பூஜை பண்ணின மெஷின உடனே அணைக்கலாமா? ஒரு நாள் ஓடட்டும்னு விட்டுட்டு ஊர்வலம் பார்க்கப் போயிட்டேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ திட்டுவே.”

உண்மைதான், திட்டியிருப்பேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் வெளியூரிலிருந்து ரிப்பேர் பார்ப்பதற்காக யாரோ ஒரு காலத்தில் போட்டுவைத்த மென்பொருள் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதுமே அதுவும் தானாக எழுந்து, இணையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைச் செய்த கம்பெனி அந்தப் பதிப்பைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அதில் எங்கே ஓட்டை என்பது உலகத்தில் இந்தத் தொழில் தெரிந்த திருடன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். அந்த ஓட்டைகளைத் தேடுகிறவர்கள் விஜயதசமிக்கு லீவு எடுப்பதில்லை. வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஓடுகிற மெஷின்தானே என்று டாக்டர் நினைத்தார். அந்த ஒரு நாளில் அது நம் நான்கு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில், பழைய உறவு சொல்லிக்கொண்டு, ரிப்போர்ட்டுகள் இருக்கும் இடம் வரைக்கும் போய்வரும் உரிமையோடு உட்கார்ந்திருந்தது. நாம் கணக்கில் வைத்திருக்கிற பழசு பரவாயில்லை. கணக்கிலேயே இல்லாத பழசுதான் கழுத்தை அறுக்கும்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் பாதி போய்விட்டது. இத்தனை நாள் கட்டிக்காத்த லேபைத் தன் கையாலேயே, அதுவும் பக்தியோடு, திறந்துவிட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்துக்கொண்டிருந்தது. நல்லவேளையாக, ரிப்போர்ட்டுகளின் பிரதி ஒன்று அவர் பீரோவுக்குள் தனி டிஸ்கில் பத்திரமாக இருந்தது. பூஜைக்கு முந்தின நாள் எடுத்தது. அதனால் மிரட்டினவனுக்குப் பதில் போடவேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. ரிப்போர்ட்டுகள் திரும்பி வந்துவிடும் என்று அவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

நான் திருப்புளியை எடுத்து அந்தப் பழைய பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த டிஸ்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன், ஆராய்ந்து பார்க்க வேண்டும் அல்லவா. ஒயரைச் சுருட்டினேன். “இனிமே இந்தப் பெட்டிக்கு எவ்வளவு வேணும்னாலும் பூஜை பண்ணுங்க டாக்டர், பூ வையுங்க, தேங்காய் உடையுங்க. முதல் பில்ல புது மெஷின்ல போடுங்க. ராசி பெட்டியில இருக்கட்டும், வேலை வெளியில நடக்கட்டும்” என்றேன். ஆய்த்து, ஆய்த்து, சரிம்மா என்று தலையாட்டினார். அன்றைக்கு முதல் தடவையாக லேசாகச் சிரித்தார்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லவேண்டிய கதையே இல்லை.

நம் வழக்கப்படி என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று நான் ஒரு அறிக்கை எழுதித் தர வேண்டும். அவர் ரிப்போர்ட் அனுப்பும் ஆஸ்பத்திரிகள் அதைக் கேட்கும். எழுத உட்கார்ந்தபோது டாக்டர் பக்கத்தில் வந்து, யாரும் இல்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

“மைதிலி, மெயில்ல வந்துதுன்னே எழுதிடேன். எல்லா இடத்துலயும் நடக்கறதுதானே, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. டாக்டர் மெஷினுக்குப் பூஜை பண்ணி வைரஸ் வந்துதுன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்மா. அந்தப் பொண்ணு எப்படியும் போயாச்சு.”

கவனியுங்கள், இவர் கெட்டவர் இல்லை. என் அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனவர். எனக்குத் தொழிலில் முதலில் கிடைத்த வாடிக்கையாளர்களில் ஒருவர். அவர் கண் கலங்கியிருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். கேட்பவர் மிரட்டினால் சுலபம், எதிர்த்து நின்றுவிடலாம். கெஞ்சினால்தான் கஷ்டம்.

எங்கிருந்து வந்ததோ, ஒரு கேள்வி வந்தது.

“டாக்டர், ஒருத்தர் ரத்தத்த இன்னொருத்தர் பேர்ல எழுதி நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?”

வெளியே யாரோ தங்கள் பெயரைக் கூப்பிட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

“அவளுக்குப் போன் போடு” என்றார் கடைசியில்.

போட்டோம். எடுக்கவில்லை. விடுதிக்குப் போட்டபோது, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டதாக வார்டன் சொன்னார். டாக்டர் காரை எடுக்கப் போனார். அந்தக் கூட்டத்தில் மண்டி மொஹல்லாவைவிட்டுக் கார் வெளியே வருவதற்குள் அவள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவாள். “பின்னால உட்காருங்க” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்த டாக்டர், என் தோளையும் பிடிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, பின்கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். பழக்கடைக்காரர்கள் எல்லோரும் நமஸ்காரா டாக்டரே என்றார்கள். பதில் வணக்கம் சொல்லக் கையை எடுத்தால் விழுந்துவிடுவார், அதனால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் கொள்ளேகால் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ரீட்டா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் பெரிய பை. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்தே இருந்தாள். டாக்டர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். மூச்சு வாங்கியது.

“உன் மேல தப்பு இல்லம்மா. நீ தொறந்த மெயில்ல ஒண்ணும் இல்ல. நான்தான் பழைய மெஷின நெட்வொர்க்ல மாட்டி விட்டேன். எல்லாம் என்னாலதான். வா, இறங்கி வா.”

பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட பெரிய மனிதர் இவ்வளவு சொன்னதே பெரிது என்று எனக்குத் தோன்றியது. ரீட்டாவுக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கோபமாகவும் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

“நான் பண்ணலீன்னு தெரிஞ்சதால கூப்புட வந்தீங்க சார். நெசமாலுமே அந்த மெயில்ல வைரஸ் இருந்திருந்தா, வந்திருப்பீங்களா?”

தம்பி, தங்கைகளே, நான் இந்தத் தொழிலில் கேட்ட கேள்விகளில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. ஒரு நாளைக்கு நூறு மெயில் திறப்பதுதான் அவள் வேலை. அதில் ஒன்று விஷமாக இருந்து, அவள் அதைத் திறந்துமிருந்தால்? மனுஷி கை தவறும் என்று தெரிந்துதானே நாம் பூட்டும் பேட்ச்சும் பேக்கப்பும் போடுகிறோம். கை தவறினவளை வெளியே தள்ளுவதானால் நாமெல்லாம் எதற்கு? அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். காலையில் டாக்டர் அவளைத் திட்டியபோது, இன்னும் பார்க்கவில்லை என்றுதான் நான் சொன்னேன். அவளே செய்திருந்தாலும் போகச் சொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை.

டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம். வந்திருப்பேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கண்டக்டர் விசில் ஊதினார்.

“வந்திருக்கமாட்டேம்மா” என்றார். “வந்திருக்கணும். அது இப்பத்தான் தெரியுது.”

ரீட்டா அவரைப் பார்த்தாள். பஸ் லேசாக நகர்ந்தது. மடியில் இருந்த பையைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே நீட்டினாள்.

“புடிங்க சார், கனமா இருக்குது. நான் எறங்கறனுங்க.”

டாக்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.